நோவி பந்தயத் தானுந்து

நோவி என்பது ஐக்கிய அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்துக்கெனக் கட்டப்பட்ட, வி-8 வகைப் பொறி பூட்டிய திறந்த சக்கரப் பந்தயத் தானுந்து வரிசை ஒன்றின் பெயராகும். இதன் பொறி முதன்முதலில் 1941 ஆம் ஆண்டில் பந்தயத்தில் இடம்பெற்றது. 1966 ஆம் ஆண்டில் இறுதியாகத் தகுதி ஓட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இக்கால் நூற்றாண்டில் நோவி ஒரு முறையேனும் இப்பந்தயத்தில் வெற்றி பெறவில்லை. 1948 இல் கிடைத்த மூன்றாம் இடமே அதன் மிக உயர்ந்த நிலை ஆகும். ஆயினும் அக்காலப் பந்தயங்களை நேரில் கண்ட இரசிகர்கள், வென்ற தானுந்துகள் பலவற்றை மறந்த பின்னரும் நோவியை மறக்கவில்லை. அமெரிக்கப் பழம்பந்தயத் தானுந்துகளைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் மிகுதியாகப் பேசப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு முறைகூட வெல்லாத தானுந்துக்கு இத்தகைய புகழ் எவ்வாறு வாய்த்தது என்பது, அதன் பொறியின் அமைப்பையும் அது ஓடிய காலத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதே விளங்கும்.

பின்னணி

சக்கரங்கள் நான்கும் உடற்கூட்டுக்கு வெளியே தெரியும்படி அமைந்த, ஓட்டுநர் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தய ஊர்தி திறந்த சக்கரத் தானுந்து எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகை ஊர்திகளுக்கான தலையாய பந்தயம் இண்டியானா மாநிலத்தின் இண்டியானாபோலிஸ் நகரில் 1911 முதல் நடைபெற்று வருகின்றது. இரண்டரை மைல் நீளமுள்ள ஓடுதளத்தை 200 முறை சுற்றி 500 மைல் (ஏறத்தாழ 805 கி.மீ.) தொலைவை முதலில் கடப்பவர் வெற்றியாளர் ஆவார். ஓடுதளம் நீள்சதுர வடிவினது. நான்கு வளைவுகளும் இடப்பக்கமே திரும்புவன.

பந்தயத்துக்கு முன்னர் ஒவ்வொரு தானுந்தும் தனித்தனியே நான்கு சுற்றுகள் ஓடித் தகுதி பெற வேண்டும். நான்கு சுற்றுகளின் சராசரி வேகமே கணக்கில் கொள்ளப்படும். இங்கு ஒரு விதியை அறிந்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் முதல் நாளில் தகுதி பெற்றவர்களே முன்வரிசைகளில் நின்றனர். பிந்திய நாட்களில் அவர்களைவிட விரைவாக ஓடியவர்களும் அவர்களுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியிருந்தது. நோவி பல ஆண்டுகளில் மிக விரைவான தானுந்தாக இருந்தும் இரு முறை மட்டுமே (1949, 1951) முதல் தொடக்க நிலையைப் பெற்றமைக்கு இவ்விதியே காரணம்.

தோற்றமும் பெயரும்

நோவி என்பது மிச்சிகன் மாநிலத்தில், டிட்ராயிட் நகருக்கு அருகில் உள்ள ஓர் ஊர். அவ்வூரில் தொழிற்கூடம் நடத்தி வந்த லூ வெல்ச் என்பவரே இத்தானுந்துகளின் உரிமையாளர். அவரது நிறுவனத்தின் பெயரிலிருந்தே தானுந்துக்கும் இப்பெயர் வந்தது. பொறிகள் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் ஓடாதவாறு தடுக்கும் வேகக் கட்டுப்படுத்தி அந்நிறுவனத்தின் தயாரிப்புகளுள் ஒன்று. 1946 ஆம் ஆண்டில் தானுந்து அக்கருவியின் பெயரையே தாங்கி 'நோவி கவர்னர் ஸ்பெஷல்' என ஓடியது. ஓடுதளத்திலேயே மிக வேகமான ஊர்தி வேகக் கட்டுப்படுத்திக்கு விளம்பரமாக ஓடியதை வேடிக்கையான பொருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

பொறியின் கருத்து பட் வின்ஃபீல்டு என்பவருடையது. வரைபடங்களை லியோ கூசன் வரைந்தார். லாஸ் ஏஞ்சலிசில் இருந்த ஃபிரெட் ஆஃபன்ஹவுசரின் பட்டறையில் அது உருவாக்கப்பட்டது. 1941 இல் அப்பொறியை 1935 ஆம் ஆண்டின் மில்லர்-ஃபோர்டு தானுந்து ஒன்றின் சட்டகத்தில் பூட்டினர். அச்சட்டகம் இப்பொறியின் ஆற்றலைத் தாங்கும்படி அமைக்கப்பட்டதன்று. எனினும் ரால்ஃப் ஹெப்பர்ன் அதனை ஓட்டி நான்காம் இடம் பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியமையால் 1942 முதல் 1945 வரை பந்தயம் நடைபெறவில்லை.

பொறியின் அமைப்பு

அக்கால விதிகளின்படி, காற்றழுத்தம் ஊட்டப்படாத பொறிக்கு 4.5 லிட்டரும், ஊட்டப்பட்ட பொறிக்கு 3 லிட்டரும் கொள்ளளவின் உச்ச வரம்பாக இருந்தன. பெரும்பாலான அணிகள் முதல் வகையைச் சேர்ந்த நான்கு உருளை ஆஃபன்ஹவுசர் பொறியையே விரும்பின. அது எளியது, உறுதியானது, பழுது பார்க்க இலகுவானது. வெல்ச் அணியினர் இரண்டாம் வழியைத் தேர்ந்தனர். நோவிப் பொறி 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவான கொள்ளளவுடையது. எட்டு உருளைகள் வி வடிவில் இரு வரிசைகளாக அமைந்திருந்தன. வரிசைக்கு இரண்டாக நான்கு கேம் தண்டுகள் இருந்தன.

இப்பொறியின் உயிர்நாடி அதன் சூப்பர்சார்ஜர் ஆகும். சூப்பர்சார்ஜர் என்பது வெளிக்காற்றை அழுத்தி உருளைகளுக்குள் கூடுதலாகச் செலுத்தும் விசிறி அமைப்பு. நோவியில் இது மையவிலக்கு வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 10 அங்குல விட்டமுள்ள சுழலி, பற்சக்கரங்களின் வழியாகப் பொறியின் வேகத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் சுழன்றது. பொறி நிமிடத்துக்கு 8,000 முறை சுழலும்போது சுழலி 40,000 முறைக்கும் மேல் சுழலும். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் விளிம்பின் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுகின்றது.

மையவிலக்குச் சுழலி தரும் அழுத்தம் அதன் சுழல்வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆகையால் தாழ்ந்த வேகத்தில் நோவி அமைதியாகவே இருந்தது. வேகம் கூடக் கூட ஆற்றல் படிப்படியாக வளராமல் திடீரெனப் பொங்கியது. நேர்பாதையின் நடுவே, பிற தானுந்துகள் தம் உச்சத்தை எட்டிவிட்ட இடத்தில், நோவி மேலும் ஒரு முறை பாய்ந்தது. 1940களில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 500 குதிரைத்திறன் என மதிப்பிடப்பட்டது. போட்டியாளர்களின் ஆஃபன்ஹவுசர் பொறிகள் இதனினும் மிகக் குறைவான ஆற்றலே கொண்டிருந்தன.

இத்தகைய ஆற்றலை அக்காலத்தின் ஒடுங்கிய டயர்கள் தரையில் பிடித்து நிறுத்த முடியவில்லை. 1946 முதல் 1953 வரை ஓடிய நோவிகள் ஃபிராங்க் கர்ட்டிஸ் கட்டிய முன்சக்கர இயக்கச் சட்டகங்களைக் கொண்டிருந்தன. அதாவது ஊர்தியை இழுப்பதும் திருப்புவதும் ஆகிய இரு வேலைகளையும் முன்சக்கரங்களே செய்தன. எரிபொருட்கலன் பின்புறத்தில் இருந்தது. மெதனால் கலந்த எரிபொருளைப் பொறி மிகுதியாகக் குடித்தமையால் நூறு கேலனுக்கும் மேல் ஏற்ற வேண்டியிருந்தது. இதன் எடை மட்டுமே ஏறத்தாழ 300 கிலோகிராம். கலன் நிறைந்திருக்கையில் பின்புறம் கனத்து முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்தன. கலன் ஒழிய ஒழிய ஊர்தியின் நடத்தை சுற்றுக்குச் சுற்று மாறியது. டயர்கள் விரைவில் தேய்ந்தன. எரிபொருளுக்காகவும் டயர்களுக்காகவும் அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. நான்கு சுற்றுத் தகுதி ஓட்டத்தில் எவராலும் அணுக முடியாத நோவி 200 சுற்றுப் பந்தயத்தில் தோற்றமைக்கு அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

ஒலி

நோவியைப் பற்றி நினைவுகூர்வோர் அனைவரும் முதலில் கூறுவது அதன் ஒலியையே. இதனை வெறும் மிகைக்கூற்று எனத் தள்ளிவிட இயலாது. நான்கு வீச்சுப் பொறியில் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் நான்கு உருளைப் பொறி நொடிக்கு 200 வெடிப்புகளைத் தரும். 8,000 முறை சுழலும் எட்டு உருளைப் பொறி நொடிக்கு 530க்கும் மேற்பட்ட வெடிப்புகளைத் தரும். இசையின் மொழியில் சொன்னால் ஒரு தாயி உயரத்துக்கும் மேல். முப்பதுக்கும் மேற்பட்ட தானுந்துகள் ஒரே தாழ்ந்த சுருதியில் உறுமிச் செல்லும்போது, இது மட்டும் தனியே உச்சக் குரலில் அலறியது. அதனுடன் சூப்பர்சார்ஜரின் ஊளையும் சேர்ந்துகொண்டது. பொறியை இயக்கிய உடனேயே, ஓடுதளத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கண்ணால் காணாமலே அது நோவி என அறிந்தனர். பணிமனைப் பகுதியில் அது உயிர்பெறும் ஒலியைக் கேட்டு மக்கள் வேலியருகே ஓடிச் சென்றதும், ஒலியைக் காதால் மட்டுமன்றி நெஞ்சிலும் உணர்ந்ததும் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் செய்திகளாகும்.

அக்காலத்தில் பந்தயத்தைக் காணும் வழிகள் குறைவாக இருந்ததையும் கருத்திற் கொள்ள வேண்டும். 1949 இலும் 1950 இலும் உள்ளூர்த் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. அதன் பின் அது நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் நேரடி ஒளிபரப்பு தொடங்கியது 1986 இல்தான். ஆகவே நோவியின் காலத்து இரசிகர் நேரில் சென்றார் அல்லது வானொலி கேட்டார். ஓடுதளத்தில் ஓரிடத்தில் அமர்ந்திருப்பவருக்கும் இரண்டரை மைலில் ஒரு சிறு பகுதியே கண்ணுக்குத் தெரியும். எஞ்சியதைக் காதே சொல்ல வேண்டும். அவ்வகையில் நோவி காதுக்கென்றே அமைந்த தானுந்து.

1946 முதல் 1953 வரை

1946 ஆம் ஆண்டுப் பந்தயம் போருக்குப் பிந்திய முதற் பந்தயம் ஆகும். பாழடைந்து கிடந்த ஓடுதளத்தை முந்திய ஆண்டின் நவம்பரில் டோனி ஹல்மன் வாங்கிச் செப்பனிட்டிருந்தார். ஐந்து ஆண்டுகள் காத்திருந்த மக்கள் பெருந்திரளாக வந்தனர். போருக்கு முன் தகுதி ஓட்டச் சாதனை மணிக்கு 130 மைலைச் சற்றே தாண்டியிருந்தது. ஐம்பது வயதான ஹெப்பர்ன் புதிய நோவியில் நான்கு சுற்றுகளை 133.944 மைல் (ஏறத்தாழ 215.6 கி.மீ.) சராசரியில் ஓடினார். ஒரு சுற்று 134.449 மைலைத் தொட்டது. முதல் தொடக்க நிலையில் இருந்தவரின் வேகம் 126.471 மைல் மட்டுமே. ஓடுதளத்தில் 2006 வரை அறிவிப்பாளராகப் பணியாற்றிப் புகழ்பெற்ற டாம் கார்னகிக்கும் 1946 தான் முதல் ஆண்டு. பிற்காலத்தில் அவர் குரலில் புதிய சாதனைகள் அறிவிக்கப்படுவதைக் கேட்பதற்கென்றே மக்கள் தகுதி நாட்களுக்கு வந்தனர். அவ்வழக்கத்தின் வேர் இவ்வோட்டத்தில் இருக்கின்றது எனலாம்.

பந்தயத்தில் ஹெப்பர்ன் 19ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு, சில சுற்றுகளிலேயே முன்னணிக்கு வந்து, 44 சுற்றுகள் முதலிடத்தில் ஓடினார். பின்னர் நீண்ட நிறுத்தம் ஒன்றால் பின்தங்கி, 121 சுற்றுகளுடன் பொறி நின்று விலகினார். இதே நிகழ்வு சிறு மாற்றங்களுடன் அடுத்த இருபது ஆண்டுகள் நடந்தது.

1947 இல் இரு நோவிகள் கலந்துகொண்டன. கிளிஃப் பெர்ஜெர் 23 சுற்றுகள் முன்னிலை வகித்துப் பின் விலகினார். அவரே மற்றைய நோவியை ஹெர்ப் ஆர்டிங்கரிடமிருந்து ஏற்று ஓட்டி நான்காம் இடத்தில் முடித்தார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் வென்றவர் மௌரி ரோஸ். அவர் ஓட்டிய புளூ கிரௌன் ஸ்பெஷலும் முன்சக்கர இயக்கம் கொண்டதே. ஆயினும் அதன் நான்கு உருளைப் பொறி எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டதால் நிறுத்தங்கள் குறைந்தன. 1949 இலும் அதே அணியே பில் ஹாலண்டு மூலம் வென்றது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற அந்த நீலத் தானுந்துகள் வரலாற்றுப் பட்டியல்களில் உள்ளன. இரசிகர் பேச்சில் அவை அவ்வளவாக வருவதில்லை.

1948 மே மாதத்தில் பெர்ஜெர் பயிற்சியின்போது நோவியில் விபத்துக்குள்ளாகி, இனி அதனை ஓட்டுவதில்லை என விலகினார். அவரிடத்துக்கு ஹெப்பர்ன் அழைக்கப்பட்டார். 1937 இல் வில்பர் ஷாவிடம் 2.16 நொடியில் வெற்றியை இழந்தவர் அவர். மே 16 அன்று பயிற்சியில் அவரது நோவி உட்புறப் புல்தரைக்குச் சறுக்கியது. அவர் விசையை அழுத்தியபோது முன்சக்கரங்கள் பிடிப்புப் பெற்று ஊர்தியை நேரே வெளிச்சுவருக்கு இழுத்துச் சென்றன என்று கூறப்படுகின்றது. ஹெப்பர்ன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 52.

அதன் பின் எஞ்சிய நோவியை ஓட்ட ஒப்புக்கொண்டவர் டியூக் நேலன். அவர் ஊர்தியை அடக்க முயலாமல் அதன் போக்கை அறிந்து ஓட்டியவர் என்பர். 131.603 மைல் சராசரியில் அவ்வாண்டின் மிக விரைவான தகுதி ஓட்டத்தை ஓடினார். பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தபோது, முடிவுக்குச் சில சுற்றுகளே இருக்கையில், எரிபொருளுக்காக மீண்டும் நிறுத்த நேர்ந்தது. மூன்றாம் இடமே கிடைத்தது. நோவி அடைந்த மிக உயர்ந்த நிலை இதுதான்.

1949 இல் நேலன் முதலிடத்திலும் ரெக்ஸ் மேஸ் இரண்டாம் இடத்திலுமாக இரு நோவிகளும் அருகருகே நின்று புறப்பட்டன. இருவரும் முன்னணியில் ஓட, 23 சுற்றுகளின் பின் மூன்றாம் வளைவில் நேலனின் பின்னச்சு முறிந்தது. ஊர்தி சுவரில் மோதி எரிபொருட்கலன் உடைந்தது. எரிந்துகொண்டே பெருகிய எரிபொருள் ஓடுதளத்தின் குறுக்கே தீச்சுவராக எழுந்தது. பின்னால் வந்த ஓட்டுநர்கள் அத்தீயினூடே ஓட்டிச் சென்றனர். கடுந்தீக்காயங்களுடன் நேலன் உயிர் தப்பினார். முன்னிலையை ஏற்ற மேசும் 48 சுற்றுகளுடன் பொறிக்கோளாறால் நின்றார். நேரடித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் இண்டியானாபோலிஸ் பந்தயம் இதுவாகும்.

1950 இல் நோவி தகுதி பெறவில்லை. அதே ஆண்டில் பட் வின்ஃபீல்டு சாலை விபத்தில் இறந்தார். 1951 இல் நேலன் மீண்டும் வந்தார். தன்னை எரித்த தானுந்து வகையிலேயே அமர்ந்து 136.498 மைல் சராசரியுடன் முதல் தொடக்க நிலையைப் பெற்றார். நோவி வரலாற்றில் இரசிகர்கள் மிகவும் போற்றும் நிகழ்வுகளுள் இது ஒன்று. பந்தயத்தில் கிடைத்தது 10ஆம் இடம். 1952 இல் செட் மில்லர் 139.034 மைல் எனப் புதிய சாதனை படைத்தும் பின்வரிசையில் நின்று புறப்பட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு இரு நோவிகளும் சூப்பர்சார்ஜர் பழுதினால் விலகின. 1953 மே 15 அன்று பயிற்சியில் தெற்கு வளைவின் சுவரில் மோதி மில்லர் உயிரிழந்தார். அவருக்கு வயது 50. அவ்வாண்டில் நேலன் 11ஆம் இடத்தில் முடித்ததுடன் முன்சக்கர நோவியின் பந்தய வாழ்வு முடிவுற்றது.

'சாபம்' பற்றிய பேச்சு

ஹெப்பர்ன், மில்லர் ஆகிய இருவரின் இறப்பாலும் நேலனின் தீவிபத்தாலும் நோவி சபிக்கப்பட்ட தானுந்து என்ற பேச்சு எழுந்தது. 1949 நவம்பரில் ரெக்ஸ் மேஸ் கலிபோர்னியாவின் டெல் மார் ஓடுதளத்தில் இறந்ததையும் சிலர் இக்கணக்கில் சேர்ப்பர். அவர் அன்று ஓட்டியது நோவி அன்று. வின்ஃபீல்டின் சாலை விபத்துக்கும் நோவிக்கும் தொடர்பு இல்லை.

இறப்புகளுக்குச் சாபத்தைக் காரணமாகக் கூறுவது, மேலே சொல்லப்பட்ட தெளிவான காரணங்களை மறைத்துவிடுகின்றது. திடீரெனப் பொங்கும் ஆற்றல், இழுப்பதும் திருப்புவதுமாக இரட்டைச் சுமை ஏற்ற முன்சக்கரங்கள், மாறிக்கொண்டே இருக்கும் எடை ஆகியவை ஒருபுறம். இருக்கைப் பட்டையோ உருள்காப்புச் சட்டமோ முறையாக அமையாத, கற்காரைச் சுவரை அணைத்து ஓடிய அக்காலப் பந்தயச் சூழல் மறுபுறம். 1940களிலும் 1950களிலும் பிற வகைத் தானுந்துகளிலும் ஓட்டுநர்கள் பலர் இறந்தனர். நோவியில் இறந்த இருவரும் ஐம்பது வயதைத் தொட்ட, நீண்ட அனுபவம் வாய்ந்த ஓட்டுநர்கள் என்பதனால் மக்கள் மனத்தில் அது ஆழமாகப் பதிந்தது. பார்வையாளருக்கு மெய்சிலிர்க்க வைத்த அதே ஆற்றலே ஓட்டுநருக்கு இடராகவும் இருந்தது. இரசிகர் நினைவுகளை வாசிக்கையில் இதனையும் உடன் வைத்து வாசித்தல் நன்று.

பின்சக்கர நோவியும் கிரனட்டெல்லி காலமும்

1956 இல் கர்ட்டிஸ் கட்டிய பின்சக்கர இயக்க நோவி ஓடுதளத்துக்கு வந்தது. தலையணைப் பகுதிக்குப் பின்னால் உயர்ந்து நின்ற அதன் வால்துடுப்பை அக்காலச் சிறுவர்கள் இன்றும் நினைவில் வைத்துள்ளனர். பால் ருஸ்ஸோ அதனை ஓட்டி 11ஆம் சுற்றில் முன்னணிக்கு வந்தார். 21ஆம் சுற்றில் டயர் வெடித்துச் சுவரில் மோதினார். 1957 இல் கொள்ளளவு வரம்பு 2.8 லிட்டராகக் குறைக்கப்பட்டது. பொறியைச் சிறிதாக்கி ஓட்டிய ருஸ்ஸோ அவ்வாண்டில் சிறிது நேரம் முன்னிலை வகித்து நான்காம் இடம் பெற்றார். 1958 இல் பில் சீஸ்பர்க் 10ஆம் இடத்தில் முடித்தார். அதன் பின் சில ஆண்டுகள் நோவியால் தகுதி பெற முடியவில்லை.

1961 இல் வெல்ச்சிடமிருந்து தானுந்துகளை ஆண்டி கிரனட்டெல்லி வாங்கினார். நோவியின் இரசிகர்களுள் அதிகம் செய்தவர் இவரே எனலாம். 1946 இல் ஹெப்பர்ன் சாதனை படைத்தபோது, கிரனட்டெல்லி சகோதரர்களும் அதே ஓடுதளத்தில் 1935 ஆம் ஆண்டின் பழைய மில்லர்-ஃபோர்டு ஒன்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தனர். நோவிப் பொறி முதலில் பூட்டப்பட்டதும் அதே வகைச் சட்டகத்தில்தான். வணிகக் கணக்குப் பார்ப்பவர் எவரும் இருபது ஆண்டுப் பழைமையான, வெல்லாத பொறியை வாங்கியிருக்க மாட்டார்.

அவரது சகோதரர்கள் ஜோ, வின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து பொறியைச் செம்மைப்படுத்தினார். ஆற்றல் 700 குதிரைத்திறனைத் தாண்டியது. 1963 இல் மூன்று நோவிகள் தகுதி பெற்றன. ஜிம் ஹர்ட்டுபீஸ் 150.257 மைல் சராசரியில் முன்வரிசையில் இரண்டாம் இடம் பெற்றார். பந்தயத்தின் முதற் சுற்றில், முதல் தொடக்க நிலையில் இருந்த பார்னெல்லி ஜோன்சைக் கடந்து நோவி முன்னே வந்தது. பார்வையாளர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். நோவி முன்னிலை வகித்த கடைசிச் சுற்று அது. ஹர்ட்டுபீஸ் எண்ணெய்க் கசிவால் விலகினார். புதியவரான பாபி அன்சர் இரண்டாம் சுற்றிலேயே சுவரில் மோதினார்.

1964 இல் பிரித்தானியாவின் ஃபெர்கூசன் நிறுவனம் கட்டிய நான்கு சக்கர இயக்கச் சட்டகத்தில் நோவிப் பொறி பூட்டப்பட்டது. ஆற்றலைத் தரையில் பதிக்கும் சிக்கலுக்கு முதன்முறையாகப் பொருத்தமான விடை கிடைத்தது. ஆனால் எடி சாக்ஸ், டேவ் மெக்டொனால்டு ஆகிய இருவரும் உயிரிழந்த இரண்டாம் சுற்றுத் தீவிபத்தில் அன்சரின் நோவியும் சிக்கிச் சேதமுற்றது. 1965 இல் அன்சர் எட்டாம் இடத்திலிருந்து புறப்பட்டு 69 சுற்றுகளுடன் நின்றார். 1966 மே மாதத்தில் கிரெக் வெல்டு ஓட்டிய நோவி விபத்துக்குள்ளாகித் தகுதி பெறாது போயிற்று. அதற்குள் பொறியைப் பின்னால் வைத்த இலகுவான தானுந்துகள் ஓடுதளத்தை முற்றாகக் கைப்பற்றிவிட்டன.

கிரனட்டெல்லி 1967 இல் விசையாழிப் பொறி கொண்ட தானுந்தைக் கொண்டுவந்தபோது ஃபெர்கூசன் நான்கு சக்கர இயக்க முறையையே அதிலும் பயன்படுத்தினார். அத்தானுந்து ஏறக்குறைய ஓசையின்றி ஓடியது. 196 சுற்றுகளின் பின், வெற்றியின் விளிம்பில் அதுவும் நின்றுபோனது. 1969 இல் மாரியோ ஆண்ட்ரெட்டி மூலம் கிரனட்டெல்லி முதன்முறையாக வென்றார். நோவியில் மூன்று பந்தயங்களைத் தொடங்கி எதனையும் முடிக்காத பாபி அன்சர் பின்னர் 1968, 1975, 1981 ஆகிய ஆண்டுகளில் வேறு தானுந்துகளில் வென்றார்.

இரசிகர் நினைவுகள்

இண்டியானாபோலிஸ் பந்தயம் மே மாத இறுதியில், போரில் இறந்தோரை நினைவுகூரும் விடுமுறையை ஒட்டி நடப்பது. பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதே இருக்கைகளைப் புதுப்பித்து வருகின்றன. எனவே நோவியின் கதை தந்தையிடமிருந்து பிள்ளைக்கு, ஓடுதளத்திலேயே, கைநீட்டி இடங்காட்டிச் சொல்லப்பட்ட கதையாக இருந்தது. மூன்றாம் வளைவில் அமர்ந்த குடும்பத்தினருக்கு 1949 இன் தீயே கதையின் மையம். தொடக்கக் கோட்டின் எதிரே அமர்ந்தவர்களுக்கு 1963 இன் முதற் சுற்று.

நினைவு எப்போதும் துல்லியமானதன்று. நோவி எப்போதும் முதல் தொடக்க நிலையில் நின்றதாகப் பலர் எண்ணுவர். அது நிகழ்ந்தது இரு முறையே. எப்போதும் முன்சக்கர இயக்கம் கொண்டதாகவும் எண்ணுவர். அது 1953 உடன் முடிந்தது. பந்தயங்களில் பெரும்பகுதி முன்னிலை வகித்துக் கடைசி நேரத்தில் தோற்றதாகவும் கூறுவதுண்டு. உண்மையில் நோவி பல முறை பாதித் தொலைவுக்கு முன்னரே விலகியது. இப்பிழைகள் அனைத்தும் ஒரே திசையில், நோவியை மேலும் பெரிதாக்கும் திசையில் செல்வதைக் காணலாம். ஒலியைப் பற்றிய நினைவில் மட்டும் வேறுபாடு காணப்படுவதில்லை. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வளைவுகளில் அமர்ந்து கேட்டவர்களும் ஒன்றையே கூறுகின்றனர்.

தோற்றவர் பக்கம் பரிவு காட்டும் இயல்பும் இதில் உண்டு. பெரும்பாலான அணிகள் ஒரே வகைப் பொறியையும் ஒத்த சட்டகங்களையும் பயன்படுத்திய ஒரு காலத்தில் நோவி மட்டும் வேறு வழியில் முயன்றது. ஆண்டுதோறும் மே மாதம் பிறக்கும்போது, இம்முறையேனும் அது 200 சுற்றுகள் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. வென்றிருந்தால் அக்கேள்வி ஓராண்டில் தீர்ந்திருக்கும்.

நூல்களும் எஞ்சிய தானுந்துகளும்

ஜார்ஜ் பீட்டர்ஸ், ஹென்ரி கிராய்ட்டர் ஆகிய இருவரும் நோவியின் வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதியுள்ளனர். கிராய்ட்டர் நெதர்லாந்தைச் சேர்ந்தவர் என்பது, இத்தானுந்தின் புகழ் அமெரிக்காவுடன் நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகின்றது. 1969 இல் வெளிவந்த கிரனட்டெல்லியின் தன்வரலாற்று நூலிலும் நோவி பற்றிய பகுதிகள் உண்டு. டியூக் நேலன் 2001 இலும், கிரனட்டெல்லி 2013 இலும், பாபி அன்சர் 2021 இலும் காலமாயினர்.

முன்சக்கர, பின்சக்கர, நான்கு சக்கர இயக்க நோவிகளுள் சில மீளமைக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. பழம்பந்தயத் தானுந்து விழாக்களில் எப்போதாவது அவற்றுள் ஒன்றின் பொறி இயக்கப்படுவதுண்டு. அரிய உதிரிப் பாகங்கள் உடையாதிருக்கும் பொருட்டு அப்போது முழு வேகத்துக்குக் கொண்டுசெல்லப்படுவதில்லை. ஆகையால் சூப்பர்சார்ஜர் தன் முழு அழுத்தத்தை எட்டும்போது எழுந்த ஒலியை அங்கு வருவோர் கேட்பது அரிது.